ஞாயிறு காலை எட்டு மணி… யாருடைய ஞாயிறு?

நாலு பேர் உட்கார்ந்து பேச அரை மணி நேரம் வேண்டும். அந்த அரை மணி நேரத்தைக் கண்டுபிடிக்க எங்கள் வீட்டில் மூன்று வாரம் ஆனது.

கூடப்பிறந்தவர்கள் நாங்கள் நாலு பேர். அண்ணன் கும்பகோணத்தில், அம்மாவோடு. அக்கா சிங்கப்பூரில். நான் சென்னையில். கடைக்குட்டித் தம்பி அமெரிக்காவில், நியூஜெர்சியில். அம்மாவுக்கு 76 வயது. வலது முட்டி நன்றாகவே தேய்ந்துவிட்டது. அக்டோபர் ஆரம்பத்தில் டாக்டர், “ஆபரேஷன் செய்துவிடலாம். வீட்டில் பேசித் தேதி சொல்லுங்கள்” என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டில் பேச வேண்டும். எங்கே, எப்போது, பணம் எப்படி, ஆபரேஷன் முடிந்ததும் யார் முதலில் வந்து கூட இருப்பது… இதையெல்லாம் ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் போனில் பேசினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். “அவ அப்படிச் சொன்னாளே”, “இவன் இப்படிச் சொன்னானே” என்று ஒரு மெகா சீரியலே ஓடும். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிவிடுவதுதான் நல்லது.

அண்ணன் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஆரம்பித்து வைத்தார்: “ஞாயிறு பேசலாமா?”

அக்கா கட்டைவிரல் காட்டினாள். தம்பி, “எத்தனை மணிக்கு?” என்றான். அண்ணன், “காலையிலே” என்றார். எனக்கு அந்த ஞாயிறு ஒரு கல்யாணம். “அதுக்கு அடுத்த ஞாயிறு?” என்று கேட்டேன். நடுவில் அத்தை ஒரு ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கம் அனுப்பினார். சித்தப்பா வெந்தயத்தின் மகிமை பற்றிய ஒரு வீடியோவை அனுப்பினார். என் கேள்வி மேலே போய் மறைந்தே போனது. இப்படியே இரண்டு வாரம்.

அந்த இரண்டாவது வாரத்தில் அம்மா கொல்லைப்புறப் படியில் கால் மடங்கி விழுந்தார். நல்லவேளை, முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. அன்றைக்கு ராத்திரி அண்ணன் போனில் பேசிய குரலைக் கேட்டபோதுதான், ஒரு நேரத்தைக் குறிக்கத் தெரியாமல் எத்தனை நாளைக் கடத்தியிருக்கிறோம் என்று உறைத்தது.

இந்தப் பகுதியில் ஊருக்கெல்லாம் ஆப் பற்றியும் செட்டிங் பற்றியும் எழுதுகிறவள் நான். சும்மா இருப்பேனா? இலவசமாகக் கிடைக்கிற ஒரு தளத்தைப் பிடித்து, நேரம் கேட்கும் கட்டம் ஒன்று தயார் செய்து, லிங்கைக் குரூப்பில் போட்டேன். மேலே தேதிகள், பக்கவாட்டில் மணி. ஓய்வான நேரத்தையெல்லாம் விரலால் தேய்த்துப் பச்சையாக்க வேண்டும். அக்கா ஆபீஸ் கம்ப்யூட்டரில் இரண்டே நிமிஷத்தில் முடித்துவிட்டாள்.

அண்ணனிடமிருந்து போன் வந்தது. “என்னம்மா இது, மார்கழிக் கோலத்துக்குப் புள்ளி வெச்ச மாதிரி இருக்கு?”

“ஃப்ரீயா இருக்கிற கட்டத்தைத் தேய்ங்கண்ணா.”

“தேய்ச்சா பக்கமே நகர்ந்து போகுது.”

அரை மணி நேரப் போராட்டத்துக்குப் பிறகு அண்ணன் பெயரும் பதிவானது. அதன்படி அவருக்கு ஓய்வான நேரம், செவ்வாய்க்கிழமை விடிகாலை 2 மணி முதல் 3 மணி வரை!

தளத்தின் மேல் தப்பில்லை. பெரிய திரையில், மவுஸ் பிடித்துப் பழகியவர்களுக்கு அது அருமையான ஏற்பாடு. 63 வயது அண்ணன், ஐந்தாறு வருஷம் பழைய ஒரு போனில், மூக்குக் கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டு இதை நிரப்புவார் என்பதை நான் யோசிக்கவே இல்லை. எனக்கு எது சுலபமோ அதைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

வாட்ஸ்அப்பே போதுமா?

சரி, எல்லோருக்கும் தெரிந்த இடத்துக்கே திரும்பிப் போவோம் என்று வாட்ஸ்அப் ஓட்டெடுப்புக்கு வந்தேன். 2022 நவம்பரிலிருந்து இந்த வசதி இருக்கிறது. எழுதும் இடத்தின் பக்கத்தில் இருக்கும் பேப்பர் கிளிப் அடையாளத்தை (ஐபோனில் கூட்டல் குறி) தொட்டால், போட்டோ, டாக்குமென்ட் வரிசையில் இதுவும் இருக்கும். கேள்வியை எழுதி, பதில்களை ஒவ்வொன்றாக எழுத வேண்டியதுதான். 12 பதில்கள் வரை கொடுக்கலாம். நான் நாலைந்துக்கு மேல் கொடுக்கவே மாட்டேன். பன்னிரண்டு தேதியைக் காட்டினால் பார்க்கிறவருக்குத் தலை சுற்றும், ஓட்டும் சிதறும்.

ஒருவர் பல பதில்களைத் தேர்ந்தெடுக்கலாமா என்று கேட்கும் ஸ்விட்ச் ஒன்று அதிலேயே இருக்கும். நேரம் குறிக்கும்போது அது ஆனில் இருக்க வேண்டும். தேர்தலில் ஆளுக்கு ஒரு ஓட்டு. இங்கே அப்படியில்லை. எந்தெந்த நேரமெல்லாம் சரிப்படுமோ அத்தனைக்கும் ஓட்டுப் போட்டால்தான் பொதுவான நேரம் தெரியும்.

இன்னும் இரண்டு விஷயம். ஓட்டெடுப்பை அழுத்திப் பிடித்தால் அதைக் குரூப்பின் மேலேயே ‘பின்’ செய்து வைக்க வழி உண்டு. 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று எது வேண்டுமோ வைத்துக்கொள்ளலாம். ரோஜாப்பூவும் வெந்தயமும் வந்து மூடிவிடாமல் இருக்கும். அடுத்தது முக்கியம். கடைசிப் பதிலாக ‘இது எதுவுமே எனக்குச் சரிப்படாது’ என்று ஒன்றைக் கட்டாயம் வையுங்கள். அது இல்லாவிட்டால், ஓட்டுப் போடாதவர் முடியாததால் போடவில்லையா, பார்க்கவே இல்லையா என்று தெரியாமல் நாம் ஆளுக்கு ஆள் போன் செய்துகொண்டிருப்போம்.

இத்தனையும் தெரிந்த நானே ஓரிடத்தில் சறுக்கினேன். ‘ஞாயிறு காலை 8’ என்று ஒரு பதில் வைத்தேன். நாலு பேரும் அதற்கே ஓட்டுப் போட்டோம். ஆஹா, முடிந்தது வேலை!

ஞாயிறு காலை 8 மணி. அண்ணன் குளித்து, விபூதி பூசி, போன் முன் உட்கார்ந்திருக்கிறார். சிங்கப்பூரில் மணி 10.30. அக்கா மார்க்கெட்டுக்குப் போவதைத் தள்ளிப்போட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். தம்பியைக் காணோம். கூப்பிட்டால் எடுக்கவில்லை. அவன் ஊரில் அப்போது சனிக்கிழமை ராத்திரி 10.30. யாரோ நண்பரின் பிள்ளைக்குப் பிறந்தநாள் விழா. அவன் ஓட்டுப் போட்டது அவனுடைய ஞாயிறு காலை 8 மணிக்கு. நமக்கு அது ஞாயிறு சாயந்திரம் 5.30.

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. “சரி, நான் போய் டிபன் சாப்பிடறேன்” என்று வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வெளியூர், வெளிநாடு என்று பிரிந்திருக்கும் குடும்பங்கள் இதை மட்டும் மறக்கக் கூடாது. நேரத்தை எழுதும்போது ஊரையும் சேர்த்து எழுதுங்கள். ‘ஞாயிறு: இந்தியா மாலை 5.30 / சிங்கப்பூர் இரவு 8 / நியூஜெர்சி காலை 8’ என்று ஒரே வரியில் எழுதினால் யாரும் கணக்குப் போட வேண்டாம். அதுவும் அக்டோபர், நவம்பர், மார்ச் மாதங்களில் கூடுதல் கவனம் வேண்டும். அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். மார்ச் இரண்டாவது ஞாயிறன்று முன்னால் வைப்பார்கள். லண்டனில் அதே வேலை அக்டோபர் கடைசி ஞாயிறும் மார்ச் கடைசி ஞாயிறும் நடக்கும். சிட்னி, மெல்போர்னில் நேர்மாறு. அக்டோபரில் முன்னால், ஏப்ரலில் பின்னால். நம் ஊர், சிங்கப்பூர், துபாய் எங்கும் மாற்றமே கிடையாது. அதனால், போன மாதம் சரியாக இருந்த கணக்கு இந்த மாதம் ஒரு மணி நேரம் இடிக்கும்.

மற்ற கருவிகள்

ஊர்க் கணக்கைத் தானே போட்டுக்கொள்ளும் கருவிகளும் உண்டு. டூடுல் அதில் பழைய ஆள். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத்து நிறுவனம். ஐரோப்பாவில் பல ஆபீஸ்களில் நேரம் கேட்பதையே ‘டூடுல் அனுப்பு’ என்று சொல்லும் அளவுக்குப் பிரபலம். நீங்கள் சில நேரங்களைக் கொடுத்து லிங்க் அனுப்பினால், திறக்கிறவருக்கு அவரவர் ஊர் நேரத்தில் காட்டும். அதில் எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது பதில். ‘முடியும்’, ‘முடியாது’ இரண்டுக்கும் நடுவே ‘வேறு வழி இல்லையென்றால் வருகிறேன்’ என்று ஒன்று. நம் வீடுகளில் பாதிப் பேருடைய உண்மையான பதில் அதுதானே! இலவசமாகப் பயன்படுத்தினால் விளம்பரங்கள் வரும். பெரியவர்கள் தெரியாமல் அதைத் தொட்டு எங்கேயாவது போய்விடுவார்கள் என்பது ஒன்றுதான் கவலை.

விளம்பரமே வேண்டாம் என்பவர்களுக்கு ஃபிரமாடேட் இருக்கிறது. பிரான்சில் ஃபிரமாசாஃப்ட் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு நடத்துவது. கணக்குத் தொடங்காமலே பயன்படுத்தலாம். ராலி என்று இன்னொன்று. இதுவும் திறந்த மூல மென்பொருள்தான், பார்க்கவும் எளிமையாக இருக்கும். இரண்டிலும் தேதிகளின் பட்டியலைப் பார்த்து டிக் செய்வதுதான் வேலை.

முன்னே சொன்ன கட்டம் தேய்க்கும் வகையில் பேர் பெற்றது வென்டுமீட். கணக்கு வேண்டாம், பெயர் மட்டும் போதும். எத்தனை பேருக்கு ஒத்து வருகிறதோ அத்தனைக்குப் பச்சை அடர்த்தியாகும். கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் குழு, ஐ.டி. நண்பர்கள் என்றால் தாராளமாக அனுப்புங்கள். எல்லோரும் லேப்டாப்பில் இருப்பார்கள். என் அண்ணனைப் போன்றவர்களுக்கு வேண்டாம்.

அடுக்குமாடிச் சங்கம் ஒன்றில் செயலாளராக இருக்கும் தோழி கேட்டாள்: “எங்க ஃபிளாட்ல 60 வீடு. வாட்ஸ்அப்ல ஓட்டுப் போடச் சொன்னா, முதல்ல தலைவர் எதுக்குப் போடறாரோ அதுக்கே வரிசையா போடறாங்க. என்ன பண்ண?” வாட்ஸ்அப்பில் யார் எதற்கு ஓட்டுப் போட்டார்கள் என்பது குரூப்பில் எல்லோருக்கும் தெரியும். குடும்பத்தில் அது நல்லது, சங்கத்தில் தொல்லை. அங்கே கூகுள் ஃபார்ம்ஸ் சரிப்படும். பதில்கள் தயார் செய்தவருக்குத்தான் வரும். முடிவுச் சுருக்கத்தை அவர் திறந்துவிட்டால்தான் மற்றவர்கள் பார்க்க முடியும். ஃபார்மைத் தமிழிலேயே எழுதிவிடலாம் என்பது இன்னொரு லாபம்.

இரண்டு பேர், மூன்று பேர் என்றால்? இவை எதுவுமே வேண்டாம். போனை எடுத்துப் பேசிவிடுங்கள்.

லிங்க் அனுப்பும் முன் ஒரு வார்த்தை. இந்தத் தளங்களில் பெரும்பாலும் லிங்க் கையில் இருக்கிற யாரும் உள்ளே பார்க்க முடியும். அதனால் தலைப்பில் ‘அம்மா ஆபரேஷன், இந்த ஆஸ்பத்திரி, இத்தனை லட்சம்’ என்றெல்லாம் எழுதி வைக்காதீர்கள். ‘குடும்பப் பேச்சு’ போதும். போன் நம்பர், வீட்டு விலாசம் எதுவும் அதில் வேண்டாம். எதிர்ப்பக்கமும் ஜாக்கிரதை. “என் அக்கா பொண்ணுக்கு ஓட்டுப் போடுங்க” என்று தெரிந்தவர் பெயரிலேயே லிங்க் அனுப்பி, வாட்ஸ்அப் கணக்கையே பறித்துக்கொள்கிற மோசடி நடக்கிறது. சந்திப்புக்கு நேரம் சொல்ல ஓ.டி.பி. எதற்கு? அது கேட்டால் அந்த இடத்திலேயே மூடிவிடுங்கள்.

ஓட்டு இல்லாத ஒருவர்

எங்கள் கதைக்கு வருகிறேன். அந்த ஞாயிறு காலை ஏமாற்றத்துக்குப் பிறகு, ஊர் நேரமெல்லாம் எழுதிப் புதிதாக ஓர் ஓட்டெடுப்பு போட்டேன். அதைப் பற்றி அண்ணன் வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டிருக்கிறார்.

“யார் முட்டியைப் பத்திப் பேசப் போறீங்க?”

“உன் முட்டிதாம்மா.”

“அப்ப எனக்கு ஓட்டு இல்லையா?”

அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். வாட்ஸ்அப் கிடையாது. குரூப்பில் அத்தை இருக்கிறார், சித்தப்பா இருக்கிறார், எப்போதோ சேர்த்த இரண்டு மாப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அம்மா மட்டும் இல்லை. மூன்று வாரமாக அம்மாவுக்கு எந்த நேரம் வசதி என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் உட்பட.

அன்றைக்கே அம்மாவுக்குப் போன் செய்தேன். “காலையிலே வேண்டாம்டி, எழுந்ததும் கால் மடங்காது, ஒரு மணி நேரம் ஆகும் எனக்கு நடமாட. மத்தியானம் மாத்திரை போட்டா தூக்கம் வரும். சாயந்திரம் அஞ்சரைக்குப் பேசலாம். ஆனா ஆறு மணிக்கு விளக்கேத்தணும், அதுக்குள்ள முடிச்சுடுங்க.”

சாயந்திரம் 5.30. தம்பி தப்பாகப் புரிந்துகொண்டு ஓட்டுப் போட்டானே, அதே நேரம்!

அந்த அக்டோபர் கடைசி ஞாயிறு, வாட்ஸ்அப் வீடியோ கால். (32 பேர் வரை பேசலாம். ஜூம் இலவசக் கணக்கில் 40 நிமிஷத்தில் நிறுத்திவிடும், கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு மணி நேரம்தான்.) அண்ணன் போனைச் சாமி அலமாரி பக்கம் சொம்பில் சாய்த்து வைத்திருந்தார். அம்மா நடுவில்.

நாங்கள் நாலு பேரும் ஏற்கெனவே ஒரு முடிவோடுதான் வந்திருந்தோம். பொங்கலுக்குப் பிறகு ஆபரேஷன். அக்காவுக்கு அப்போதுதான் லீவு, தம்பிக்கும் டிக்கெட் வசதி. அண்ணன் அதைச் சொல்ல ஆரம்பித்ததும் அம்மா குறுக்கிட்டார்.

“பொங்கல் வரைக்கும் நான் கொல்லைப்படி இறங்க வேண்டாமா? கார்த்திகைக்கு முன்னாடியே பண்ணிடுங்க. மார்கழிக்கு நான் வாசல்ல நிக்கணும். கோலம் மருமக போடட்டும். நான் நின்னு பார்க்கணும்.”

எங்கள் யாருடைய லீவுப் பட்டியலிலும் அந்த வாசல் இல்லை. நவம்பர் இரண்டாவது வாரம் என்று முடிவானது. முதல் பத்து நாள் நான், பிறகு அக்கா, தம்பி பொங்கலுக்கு. மணி 5.56-க்கு அம்மா எழுந்துவிட்டார், விளக்கேற்ற.

நேரம் முடிவானதும் அதைக் கூகுள் காலண்டரில் ஏற்றி எல்லோருக்கும் அழைப்பு அனுப்பிவிடுவது நல்லது. அவரவர் போனில் அவரவர் ஊர் நேரத்தில் தெரியும், முன்கூட்டியே மணியும் அடிக்கும். அடுத்த ஞாயிறும் அதே 5.30-க்குப் பேசினோம். அதற்குள் தம்பி ஊரில் கடிகாரம் மாறியிருந்தது, அவனுக்கு காலை 7 மணி. காலண்டர் சொன்னதால் தலை வாராமல் கொட்டாவியோடு சரியாக வந்துவிட்டான்.

அண்ணன்தான் இப்போது எங்கள் குரூப்பின் ஓட்டெடுப்பு மன்னர். அரிசி எந்த ரகம் வாங்கலாம் என்பதற்குக்கூட ஒன்று போடுகிறார். போன மாதம் ஒன்று வந்தது: ‘அம்மாவைப் பார்க்க எல்லாரும் எப்போ வர்றீங்க?’ பதில்கள் மூன்று: ‘தை’, ‘மாசி’, ‘பங்குனி’. 

தம்பி எனக்குப் போன் செய்து, “லீவு இல்லைன்னா எதை அமுக்கணும்க்கா?” என்றான். அண்ணனிடம் கேட்டேன்.

“அதெல்லாம் தெரிஞ்சுதான் வெக்கலை” என்றார்.